கப்பலில் தனிக்காசு கொடுத்துச் சாப்பிடலாமா?

குன்னூரில் எங்கள் தெருவுக்கு அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு குடும்பங்கள் ஒரே கேள்வியோடு வந்தன. முதலில் வந்தவர்கள் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதி. மகன் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு குரூஸுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறான். அடுத்து வந்தவர் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் என் நண்பர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஏழு இரவு போகப்போகிறார். இருவரும் கைபேசியில் காட்டியது ஏறக்குறைய ஒரே பக்கத்தைத்தான். ஸ்டேக்ஹவுஸ், இத்தாலியன், டெப்பன்யாகி என்று வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் டாலரில் ஒரு விலை.

"தம்பி, டிக்கெட்டிலேயே சாப்பாடு அடக்கம்னுதானே பையன் சொன்னான்? அப்புறம் இது எதுக்கு?" என்றார் ஆசிரியர்.

நியாயமான கேள்வி. நான் இரண்டு முறை கப்பலில் போயிருக்கிறேன். முதல் முறை தேவையில்லாமல் காசைக் கொட்டினேன், இரண்டாம் முறை ஒரே ஒரு இரவுக்குக் கொடுத்துத் திருப்தியாக வந்தேன். அந்த இரண்டு அனுபவத்தையும் கப்பல் கம்பெனிகளின் விதிகளையும் சேர்த்து வைத்து அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## டிக்கெட்டில் ஏற்கெனவே இருப்பது

பெரும்பாலான பெரிய கப்பல்களில் டிக்கெட் விலைக்குள் இரண்டு முக்கியமான சாப்பாட்டு இடங்கள் அடங்கும். ஒன்று மெயின் டைனிங். மேசைவிரிப்பு, வெய்ட்டர், முதலில் சூப்போ சாலடோ, பிறகு முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு என்று உட்கார்ந்து சாப்பிடும் கூடம். மெனு தினமும் மாறும். இரண்டாவது, மேல்தளத்தில் இருக்கும் பஃபே. இவை போக பீட்சா, பர்கர், ஐஸ்கிரீம் போன்ற சின்னக் கடைகள் சில இலவசமாக இருக்கும். தண்ணீர், சாதா டீ, காபி உண்டு. குளிர்பானமும் மதுவும் தனி.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, ஊட்டியிலோ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆக, நம்மைவிடக் கப்பல்காரர்களுக்குத்தான் நல்ல டீ போட வசதி அதிகம். ஆனால் மெஷினிலிருந்து வரும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பையை முக்கிக் கொடுப்பார்கள். நீலகிரிக்காரர்கள் இதற்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு போக வேண்டும். எவ்வளவு காசு கொடுத்தாலும் இது மாறாது.

மெயின் டைனிங், பஃபே இரண்டுக்கும் மேலே, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் உணவகங்கள்தான் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட். பொதுவாக ஒருவருக்கு 30 டாலரிலிருந்து 70 டாலர் வரை போகும். சமையல் தலைவரே பக்கத்தில் நின்று பரிமாறும் 'செஃப்ஸ் டேபிள்' 100 டாலரைத் தாண்டும்.

இது புதிய தந்திரம் இல்லை. 1905இல் ஓடத் தொடங்கிய 'அமெரிக்கா' என்ற ஜெர்மன் கப்பலிலேயே தனிக்காசு வாங்கும் ரிட்ஸ் உணவகம் இருந்தது. 1912இல் டைட்டானிக்கிலும் முதல் வகுப்புக்காரர்களுக்கு அப்படி ஒன்று இருந்தது, லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் நடத்தினார். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நேர்மை இருந்தது. 'நாங்கள் பொதுக்கூடத்தில் சாப்பிடவே மாட்டோம், எல்லா வேளையும் உணவகத்தில்தான்' என்று முன்கூட்டியே சொன்னவர்களுக்கு டிக்கெட்டில் கொஞ்சம் கழித்துக் கொடுத்தார்கள். இன்றைக்கு அந்தக் கழிவு கிடையாது. நீங்கள் ஸ்டேக்ஹவுஸில் உட்கார்ந்திருக்கும் அதே இரவுக்கு மெயின் டைனிங்கிலும் உங்களுக்கு ஒரு இரவு உணவு இருக்கிறது. அதற்கும் காசு கொடுத்தாயிற்று. வயிறு ஒன்றுதான்.

என் கணக்கு முழுக்க இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. 50 டாலரைச் சாப்பாட்டின் விலையாகப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்ட சாப்பாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தின் விலை அது. அந்த வித்தியாசம் உங்கள் தட்டில் வந்து விழுமா என்பதே கேள்வி.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல்: இலவசமாக இருக்கும் இடத்தில் கிடைக்காத எது இங்கே கிடைக்கிறது? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், முதல் வகுப்புப் பெட்டி முன்னால் இருக்கும். ரயிலும் சுரங்கமும் போய்ச் சேரும் நேரமும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் முன் கண்ணாடி வழியாகத் தண்டவாளம் வளைந்து வருவதைப் பார்க்கும் வாய்ப்பு பின் பெட்டியில் கிடையாது. அதற்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. டிசம்பர் 31 இரவு ஊட்டி ரிசார்ட்டுகளில் கட்டாய 'கேலா டின்னர்' என்று தலைக்கு ஒரு தொகை தீட்டுவார்களே, அதிலே நேற்றைய பஃபேயோடு கூட ஒரு கேக்தான் இருக்கும். கப்பலில் இந்த இரண்டு ரகமும் உண்டு. எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள். மாட்டிறைச்சி உண்டா, மது உண்டா, சைவமா, முட்டையாவது சேர்ப்பீர்களா. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் ஒப்பீடுகளில் இந்தக் கேள்வியே வராது. நமக்கு இதுதான் பாதி முடிவு.

மூன்றாவது, எத்தனை இரவு. மூன்று நான்கு இரவில் மெயின் டைனிங் மெனுவே சலிப்பதற்குள் கப்பல் கரைக்கு வந்துவிடும். ஏழு இரவுக்கு மேல் என்றால் ஐந்தாம் நாள் ஒரு மாற்றத்துக்கு நாக்கு ஏங்கும்.

நான்காவது நேரம். தனிக்கட்டண உணவகத்தில் ஒரு இரவு உணவு சாதாரணமாக இரண்டு மணி நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் நாடகம், இசை நிகழ்ச்சி, சூரிய அஸ்தமனம் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

விலையை நான் ஐந்தாவதாக வைக்கிறேன். மேலே உள்ள நான்குக்கும் பதில் தெரிந்துவிட்டால் விலை தானாகவே அதிகமாகவோ குறைவாகவோ தோன்றும்.

## ஒரு பார்வையில்

| வழி | இருவருக்குக் கூடுதல் செலவு | சைவக்காரர்களுக்கு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|
| டிக்கெட்டில் உள்ளது மட்டும் | இல்லை | நன்று, முதல் நாளே சொன்னால் மிக நன்று | 3–4 இரவு, பெரியவர்கள், பெரிய குடும்பம் |
| ஒரே ஒரு வேளை | ஏறக்குறைய 70–165 டாலர், சர்வீஸ் சேர்த்து | உணவகத்தைப் பொறுத்தது | திருமண நாள், பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை |
| பல வேளை பேக்கேஜ் | ஒரு வேளைக்குக் குறைவு, மொத்தத்தில் அதிகம் | பெரும்பாலும் வீண் | 7 இரவுக்கு மேல், எல்லாம் சாப்பிடுபவர்கள் |
| எல்லாம் அடங்கிய கப்பல் | டிக்கெட்டிலேயே ஏறியிருக்கும் | கம்பெனியைப் பொறுத்தது | கணக்குப் பார்க்க விரும்பாதவர்கள் |

## டிக்கெட்டில் உள்ளதே போதும் என்றால்

ஆசிரியர் தம்பதிக்கு நான் சொன்ன வழி இது. இரண்டு பேரும் சைவம், போவது நான்கு இரவு.

மெயின் டைனிங்கைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. கத்தி, முள்கரண்டி, புரியாத மெனு, பக்கத்து மேசையில் கோட் போட்டவர். அதனால் பஃபேக்கு ஓடிவிடுகிறார்கள். உண்மையில் நம்மவர்களுக்கு மிகவும் வசதியான இடம் மெயின் டைனிங்தான். ராயல் கரீபியன் போன்ற கம்பெனிகளின் கப்பல்களில் தினசரி மெனுவிலேயே ஓர் இந்தியச் சைவக் குழம்பு இருக்கும். முதல் நாள் இரவே ஹெட் வெய்ட்டரைக் கூப்பிட்டு 'நாங்கள் சைவம், இந்தியச் சாப்பாடு வேண்டும்' என்று சொல்லிவிட்டால், மெனுவில் இல்லாததையும் அடுத்த நாளுக்குச் சமைத்து வைப்பார்கள். சாம்பாரையும் ரசத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். பருப்பு, பனீர், உருளைக்கிழங்கு, சாதம், ரொட்டி என்று வடநாட்டுப் பாணியில் வரும். சூடாக வரும், மேசைக்கே வரும். இரண்டாவது தட்டுக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எங்கள் முதல் பயணத்தில் என் அம்மாவுக்குப் பிடித்த ஒரே சாப்பாடு அங்கே கிடைத்ததுதான். கோவாக்காரர் ஒருவர் எங்களுக்குப் பரிமாறினார். இரண்டாம் நாள் இரவு, கேட்காமலேயே பச்சை மிளகாயை நறுக்கி எலுமிச்சம்பழத்தோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். கடைசி இரவு அம்மா அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஒரே மேசை, ஒரே வெய்ட்டர் என்று அமையும் கப்பல்களில் இது நடக்கும். ஒரு இரவு மட்டும் போகும் தனிக்கட்டண உணவகத்தில் இந்த உறவு வளர நேரம் கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் இந்தியப் பயணிகளை எதிர்பார்த்தே அடுப்பு மூட்டுகின்றன. ஜென்டிங் ட்ரீம் கப்பலில் இந்தியச் சைவமும் ஜைன உணவும் உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய கார்டிலியா எம்ப்ரஸில் பெரும்பாலான பயணிகளே இந்தியர்கள். இந்தக் கப்பல்களில் 'நம் சாப்பாடு கிடைக்காது' என்ற பயத்தில் தனியாகக் காசு கட்டுவது சுத்த வீண்.

குறையும் சொல்ல வேண்டும். மெயின் டைனிங் பெரிய கூடம், சத்தம் அதிகம். சில கப்பல்களில் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு முதல் பந்தி, எட்டு மணிக்கு மேல் இரண்டாம் பந்தி என்று இருக்கும். நம் வழக்கத்துக்கு முதலாவது ரொம்பச் சீக்கிரம். எந்த நேரமும் வரலாம் என்ற வசதியைத் தேர்ந்தெடுத்தால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட இரவுகளில் பஃபேக்குப் போங்கள். காலையில் திருவிழாக் கூட்டமாக இருக்கும் பஃபே இரவில் பெரும்பாலும் காலியாக இருக்கும், ஜன்னலோரம் இடம் கிடைக்கும்.

## ஒரே ஒரு வேளை காசு கொடுப்பதென்றால்

இங்கேதான் எந்த உணவகம் என்பது முக்கியம். விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஸ்டேக்ஹவுஸ். ராயல் கரீபியனில் சாப்ஸ் கிரில், பிரின்சஸில் கிரவுன் கிரில், ஹாலந்து அமெரிக்காவில் பின்னக்கிள் கிரில், எம்எஸ்சியில் புட்சர்ஸ் கட். பெயர் எதுவானாலும் அங்கே வாங்கும் கட்டணத்தின் எடை முழுக்க மாட்டிறைச்சியில் இருக்கிறது. அதைச் சாப்பிடுபவர்களுக்குக் கப்பலிலேயே காசுக்கு மிக நல்ல மதிப்பு இதுதான். மெயின் டைனிங்கில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான தட்டு போகிறது, இங்கே உங்கள் துண்டை உங்களுக்காக வாட்டுகிறார்கள், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் அதே கட்டணத்துக்குக் கோழியோ மீனோ சாப்பிடலாம். ஆனால் அந்தக் கோழியும் மீனும் மெயின் டைனிங்கிலும் இருக்கின்றன. சைவக்காரரின் நிலை இன்னும் மோசம். பக்க உணவுகளே அவருக்குச் சாப்பாடு. என் அம்மா மசித்த உருளைக்கிழங்கையும் காளானையும் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசைக்காரர் மென்றது இறைச்சி, அதற்கான விலையில் பங்கு போட்டது நாங்கள்.

இத்தாலியன். சைவக்காரர்களுக்கு உள்ளதில் நல்லது. பாஸ்தா, தக்காளி, கத்தரிக்காய் என்று சாப்பிட நிறைய இருக்கும். கறாரான சைவம் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பார்மீசான் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்ப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் தூவாமல் கொடுப்பார்கள். பாஸ்தா மெயின் டைனிங்கிலும் கிடைக்கும் என்பதால், இத்தாலியனுக்குக் கொடுக்கும் காசில் பாதி அந்த அமைதியான மேசைக்குத்தான்.

டெப்பன்யாகி. சூடான இரும்புக் கல்லைச் சுற்றி நீங்கள் உட்கார, சமையல்காரர் கரண்டியைச் சுழற்றி முட்டையைத் தொப்பியில் பிடித்து வித்தை காட்டிச் சமைப்பார். மெயின் டைனிங்கில் எந்த வகையிலும் கிடைக்காத ஒன்று. பிள்ளைகள் கூட இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இறைச்சி, இறால், காய்கறி எல்லாம் ஒரே கல்லில்தான். கறாரான சைவக்காரர்கள் முன்கூட்டியே பேசிவிட வேண்டும், இல்லையென்றால் தவிர்ப்பது நல்லது.

சுஷி வகையறாவில் பெரும்பாலும் தட்டுக்குத் தனி விலை. பசியோடு போனால் பில் ஏறிக்கொண்டே இருக்கும். செஃப்ஸ் டேபிளில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஒயின் என்று பொருத்திக் கொடுப்பார்கள். குடிக்காதவர்கள் செஃப்ஸ் டேபிள் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது பயணத்தில் நானும் என் மனைவியும் திருமண நாளன்று ஒரு இத்தாலிய உணவகத்துக்குப் போனோம். ஜன்னலோர மேசை, இருபது பேருக்கு மேல் கூட்டமில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு மணி நேரம் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை, நாங்களும் எதையும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. அந்தக் காசுக்கு நான் வருத்தப்பட்டதே இல்லை.

## பேக்கேஜ் வாங்கினால்

மூன்று வேளை, ஐந்து வேளை, அல்லது பயணம் முழுக்க என்று மொத்தமாக விற்பார்கள். ஒரு வேளைக்கான விலை குறைவதுதான் இதில் கவர்ச்சி. எங்கள் முதல் பயணத்தில் கப்பலில் ஏறி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பஃபே வாசலில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு 'இன்றைக்கு மட்டும் தள்ளுபடி' என்றார். அக்கா குடும்பம், அம்மா, நாங்கள் எல்லோருக்கும் மூன்று வேளை பேக்கேஜ் வாங்கிவிட்டேன். நான்கு இரவுப் பயணத்தில் மூன்று இரவு! மெயின் டைனிங்குக்கு மிச்சம் ஒரே இரவு.

நடந்தது இது. முதல் இரவு ஸ்டேக்ஹவுஸ், அம்மாவின் காளான். இரண்டாம் இரவு எங்களுக்குக் கிடைத்த நேரம் ஏழரை, எல்லோரும் பார்க்க ஆசைப்பட்ட நிகழ்ச்சியும் அதே ஏழரை. பிள்ளைகள் அழுததில் முன்பதிவை ரத்து செய்து, எல்லோரும் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு மெயின் டைனிங்குக்குப் போனோம். பச்சை மிளகாய் வந்தது அன்றைக்குத்தான். மூன்றாம் இரவு கடல் கொஞ்சம் ஆடியது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்காத என் மைத்துனர் கேபினை விட்டு வெளியே வரவில்லை. அக்காவும் அவரோடு இருந்துவிட்டார். ரத்தான இரவை மாற்றிப் போட வேறு நாளும் கிடைக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியாக வாங்கினால் ஒரு வேளை 50 டாலர், பேக்கேஜில் மூன்று வேளை 120 என்று வைப்போம். மூன்றும் சாப்பிட்டால் ஒரு வேளை 40, லாபம். இரண்டோடு நின்றால் ஒரு வேளை 60, நஷ்டம். ஒன்றோடு நின்றால் பேச வேண்டியதே இல்லை. கோவையிலிருந்து பறந்து, முதல் முறை கடலைப் பார்க்கும் பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகும் குடும்பத்தில் ஏதாவது ஒரு இரவு கண்டிப்பாகக் கெடும்.

இன்னொரு சங்கதி. பேக்கேஜ் வைத்திருந்தாலும், தட்டுக்குத் தனி விலை உள்ள உணவகங்களில் 'இவ்வளவு டாலர் வரைக்கும்தான்' என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் கையிலிருந்து போக வேண்டும்.

அப்படியென்றால் பேக்கேஜ் யாருக்கு? ஏழு இரவுக்கு மேல் போகிற, எல்லா இறைச்சியும் சாப்பிடுகிற, பிள்ளைகள் இல்லாத தம்பதிக்கு. அவர்கள் துறைமுகத்தில் இறங்காத கடல் நாட்களில் மதியச் சாப்பாட்டையும் இதே பேக்கேஜில் சேர்க்க முடியுமா என்று கேட்டு வாங்கினால் நல்ல மதிப்புக் கிடைக்கும்.

## எல்லாமே அடங்கிய கப்பல்

வர்ஜின் வாயேஜஸ், ஓஷியானியா, வைகிங் போன்ற கம்பெனிகளில் ஸ்பெஷாலிட்டி உணவகங்களுக்குத் தனிக்கட்டணம் கிடையாது. டிக்கெட் விலையே கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். வர்ஜினிலும் வைகிங்கிலும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை, அதனால் குடும்பத்தோடு போகும் நம்மவர்களுக்கு அந்தப் பேச்சே எழாது. ஐரோப்பா போய், தம்பதியாக மட்டும் ஏறுகிறவர்கள் யோசிக்கலாம்.

## பில்லில் பிறகு தெரியும் செலவுகள்

திரையில் 50 டாலர் என்று போட்டிருக்கும். ராயல் கரீபியன் அதன்மேல் 18 சதவீதம் சர்வீஸ் சேர்க்கும், நார்வீஜியன் 20 சதவீதம் சேர்க்கும். தினமும் ஆளுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் டிப்ஸ் என்று கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறதே, இது அதற்கு மேல்.

50 டாலர் 59 ஆகிறது. இருவருக்கு 118. டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 10,620 ரூபாய். நம் ஊர் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பணத்துக்கு 3.5 சதவீதம் வரை கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி. கூட்டினால் ஏறக்குறைய 11,050 ரூபாய். என் கோத்தகிரி நண்பர் இதைக் கேட்டதும் உடனே தன் கணக்குக்கு மாற்றினார்: பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய்க்குப் போனாலும் 550 கிலோ இலை! "ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கா?" என்றார்.

இது குளிர்பானம் இல்லாத கணக்கு. கட்டணம் கட்டிய உணவகத்துக்குள்ளேயே சில தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருக்கும். பெரிய லாப்ஸ்டர், உயர்ரக இறைச்சி போன்றவற்றுக்கு அது கூடுதல் விலை. ஆர்டர் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் அதற்கும் கட்டணம் பிடிப்பார்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும் என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். குழந்தைகளுக்குப் பல கப்பல்களில் குறைந்த கட்டணம், ரொம்பச் சின்னவர்களுக்கு இலவசம். டிஸ்னி கப்பல்களில் உள்ள பாலோ போன்ற உணவகங்கள் பெரியவர்களுக்கு மட்டும்தான், பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது.

## எப்போது வாங்குவது

பயணத்துக்கு முன் இணையத்தில் வாங்கினால் பொதுவாக விலை குறைவு. ஆனால் அந்த விலை ஏறி இறங்கும். ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்றால் இப்போதே ஒன்றைப் போட்டு வைத்து, பிறகு குறைந்தால் மாற்றிக்கொள்ளலாம். இரவு ஏழு மணி, எட்டு மணி முன்பதிவுகள்தான் முதலில் நிரம்பும்.

கப்பலில் ஏறிய பிறகென்றால், முதல் நாள் மதியம் விற்பவர்களிடம் வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பேக்கேஜ் வாங்க வேண்டாம் என்று சொல்வேன். நிகழ்ச்சிகளின் அட்டவணையை அன்று மாலை பார்த்துவிட்டு ஒரு இரவைத் தேர்ந்தெடுங்கள். கடல் நாளில் மதியம் திறக்கும் ஸ்பெஷாலிட்டி உணவகத்தில் இரவைவிடக் கட்டணம் குறைவாக இருக்கும், சமையலறை அதேதான். மெயின் டைனிங்கில் லாப்ஸ்டர் போடும் நாள் எது என்று வெய்ட்டரிடம் கேட்டுக்கொண்டு, அசைவக்காரர்கள் அந்த இரவைத் தனிக்கட்டணத்துக்கு வீணாக்காமல் இருக்க வேண்டும்.

## அவர்கள் என்ன செய்தார்கள்

கோத்தகிரி நண்பர் 550 கிலோவை இரண்டு நாள் மனதில் சுமந்தார். பிறகு ஏழு இரவில் ஒரே ஒரு டெப்பன்யாகி போட்டார், கடல் நாளில், பிள்ளைகளுக்காக. ஆறு இரவு மெயின் டைனிங். பெண் மட்டும் சுஷி வேண்டும் என்று அடம் பிடிக்கிறாளாம். இலவச பஃபேயில் கிடைத்தால் சரி, இல்லையென்றால் மூன்று துண்டுக்கு மேல் கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறார்.

ஆசிரியர் தம்பதி எதுவும் வாங்கவில்லை. முதல் இரவு ஹெட் வெய்ட்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். டீயைப் பற்றி நான் சொன்னதுதான் அந்த அம்மாவை உறுத்தியிருக்கிறது. "டீக்குத் தொட்டுக்க வர்க்கி கொண்டுபோகலாமா?" என்று மறுநாள் போனில் கேட்டார். வீட்டில் சமைத்ததை விட மாட்டார்கள், பிரிக்காத பாக்கெட் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை என்றேன். மூன்று பாக்கெட் வாங்கி வைத்துவிட்டாராம். இரண்டு அவர்களுக்கு, ஒன்று பரிமாறப்போகும் வெய்ட்டருக்கு.